எள்ளும் வெந்தயமும் இருக்கிற அடுப்படி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் மலச்சிக்கலுக்கு வழி கேட்ட ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, ‘தினமும் ஏதாவது ஒரு விதையைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எந்த விதை, எத்தனை ஸ்பூன், வறுக்கணுமா ஊறவைக்கணுமா, சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க விதைதான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் 22 வருடம் உணவு ஆலோசகராக இருந்தவள் நான். அங்கே நோயாளிகளுக்குச் சொல்லிப் பழகியதையும் என் வீட்டு அடுப்படியில் செய்வதையும் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஆளி விதை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் 3 டேபிள்ஸ்பூன் அப்படியே மென்று சாப்பிட்டேன். நான்கே நாளில் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. இருந்த மலச்சிக்கலும் அதிகமாகிவிட்டது. நிறுத்தியதும் சரியானது. எனக்கு விதையே ஒத்துக்கொள்ளாதா?
– வாசகி, தேனி

அம்மா, தவறு என்னுடையது. அளவைச் சொல்லாமல், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விட்டுவிட்டேன். மன்னியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும்தான் இந்த மாதப் பகுதியையே இதற்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தேன்.

நடந்தது இதுதான். ஆளி விதையை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் வழவழவென்று கஞ்சி மாதிரி ஆகியிருக்கும். விதையின் மேல்தோலில் உள்ள நார்ச்சத்து தண்ணீரை அப்படி இழுத்து வைத்துக்கொள்கிறது. குடலிலும் அது அதே வேலையைத்தான் செய்யும். போதுமான தண்ணீர் இருந்தால் மலம் இளகி, பருமனாகி, எளிதாக வெளியேறும். தண்ணீர் இல்லையென்றால் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு இறுகிவிடும். 3 டேபிள்ஸ்பூன் என்பது சுமார் 30 கிராம். அதில் 8 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நாளில் அவ்வளவு போட்டால், குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவும் உண்டாகும். வயிறு உப்பியது அதனால்தான்.

விதை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட முடியாது. மறுபடி தொடங்குங்கள், ஆனால் 1 டீஸ்பூனில். முழு விதையாக வேண்டாம், லேசாக வறுத்துப் பொடித்தது. ஆளி விதையின் தோல் வழவழப்பானது. நாம் மெல்லும் மெல்லில் பாதி விதை உடையாமல் அப்படியே மலத்தோடு வெளியே வந்துவிடும். பொடியை மதியம் மோரிலோ, சாம்பார் சாதத்திலோ கலந்து சாப்பிடுங்கள். ஒரு வாரம் வயிறு சும்மா இருந்தால் 2 டீஸ்பூன். அப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன் வரை போகலாம், அதற்கு மேல் தேவையில்லை. நாளைக்கு 2 லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும். சிறுநீரகத்துக்காகவோ இதயத்துக்காகவோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலத்தில் ரத்தம் பட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, 50 வயதுக்கு மேல் திடீரென்று மலச்சிக்கல் தொடங்கினாலோ, விதையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சியா, ஆளி, பூசணி, சூரியகாந்தி நான்கும் கலந்த பாக்கெட் வாங்கி வெறும் வயிற்றில் சாப்பிடுகிறேன். மாத பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. என் மாமியாரோ, “இதையெல்லாம் தின்றுதான் நாங்கள் பிள்ளை பெற்றோமா?” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் மாமியாரும் விதை சாப்பிட்டுத்தான் பிள்ளை பெற்றார். அதற்கு அவர் விதை என்று பெயர் வைக்கவில்லை. எள், வெந்தயம், கடுகு, தனியா, சீரகம், கசகசா எல்லாம் விதைகள்தானே! தனியாவும் சீரகமும் தாவரவியல்படி காய் என்பார்கள், அது கிடக்கட்டும். அவரிடம் இட்லிப் பொடிக்கு என்னென்ன போடுவார் என்று கேட்டுப் பாருங்கள். எள் இல்லாமல் இருக்காது.

என் அம்மாவுக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். மாதம் ஒரு தடவை எள்ளுப் பொடி இடிப்பார். இரும்புச் சட்டி காய்ந்ததும் தணலைக் குறைத்துவிட்டுக் கறுப்பு எள்ளைப் போடுவார். கரண்டி நிற்கவே கூடாது. முதலில் ஒன்றிரண்டு எள் ‘பட்’டென்று துள்ளும். கொஞ்ச நேரத்தில் சட்டி முழுக்கச் சடசடக்கும். அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கும்போதே இறக்கி முறத்தில் கொட்டிவிடுவார். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும். வெள்ளை எள் என்றால் நிறத்தைப் பார்த்துப் பதம் கண்டுபிடிக்கலாம். கறுப்பு எள்ளுக்குக் காதுதான் கணக்கு. எனக்கு அது பிடிபட ரொம்ப நாளானது. இன்றைக்கும் எள் வறுக்கும்போது வீட்டில் டிவியை நிறுத்திவிடுவேன்.

செலவைக் குறைக்க நான் சொல்லும் வழி, பாக்கெட்டை நிறுத்திவிட்டு இட்லிப் பொடியை மாற்றுவது. 100 கிராம் உளுந்து, 50 கிராம் கடலைப்பருப்பு, 100 கிராம் கறுப்பு எள், 50 கிராம் ஆளி விதை, காரத்துக்கேற்ப 12 அல்லது 15 மிளகாய் வற்றல், ஒரு துண்டு பெருங்காயம், கல் உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். பருப்பு, மிளகாய், பெருங்காயம், உப்பு இவற்றை முதலில் அரைத்துக்கொண்டு, எள்ளையும் ஆளியையும் கடைசியில் போட்டு, மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று ஓட்டினால் போதும். எள்ளின் எடையில் பாதி எண்ணெய். முதலிலேயே போட்டு நெடுக ஓட்டினால் எண்ணெய் கக்கிப் பொடி உருண்டையாகிவிடும்.

இந்தப் பொடி இட்லிக்கு மட்டும் இல்லை. சூடான சாதத்தில் ஒரு ஸ்பூன் போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசையலாம். புடலங்காய், கத்தரிக்காய்ப் பொரியலை இறக்கும்போது மேலே தூவலாம். ஆளி விதை நம் பக்கத்துப் பழக்கம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். வட கர்நாடகத்தில் ஜோள ரொட்டி என்னும் சோள ரொட்டிக்கும், மகாராஷ்டிரத்தில் பாக்ரி என்னும் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்ள ஆளி விதையில் காரப் பொடி இடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர்களும் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்குவதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

வாங்கிவிட்ட பாக்கெட்டை வீணாக்காதீர்கள். பொடித்துச் சப்பாத்தி மாவில் சேர்த்துவிடுங்கள், 4 பேருக்கான மாவுக்கு 2 டேபிள்ஸ்பூன்.

ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறார்களே, இரண்டு ஸ்பூன் விதையில் அது கிடைத்துவிடுமா?
– வாசகர், திருச்சி

கிடைக்காது. உங்களைப் போலப் பலர் அப்படி நம்பிக்கொண்டுதான் காய்கறியைக் குறைத்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். ஒரு டேபிள்ஸ்பூன் எள் 9 கிராம், அதில் நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிப் பொடி 7 கிராம், நார்ச்சத்து சுமார் 2 கிராம். சியா 12 கிராம், நார்ச்சத்து 4 கிராம். இதற்குப் பக்கத்தில், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேல் இருக்கிறது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 5 கிராமுக்குக் குறையாது. தட்டு நிறைய வெள்ளைச் சாதம் சாப்பிட்டாலும் ஓரிரு கிராம்தான் கிடைக்கும். ஆக, சுண்டல், கீரை, அவரைக்காய், பழம், வாரத்தில் சில நாள் கம்பு, கேழ்வரகு இவைதான் அந்த 30 கிராமைக் கொண்டுவரும். விதை அதில் விழும் ஓட்டையை அடைக்கும்.

30 கிராம் என்ற கணக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது. அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்குக் கொட்டைப் பருப்புகளும் எண்ணெய் வித்துகளும் சேர்த்து 35 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். வேர்க்கடலை, தேங்காய் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் பார்த்தால் விதைக்கென்று ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன்தான் இடம். இந்த நிறுவனம் நம்மூர்க் குன்னூரில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1918-ல் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கியதுதான் ஆரம்பம். தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களுக்கு வந்த நோய் அது. 1958-ல்தான் ஐதராபாத்துக்குப் போனது. தவிட்டை நீக்கிவிட்டுச் சத்தை வேறு எங்கோ தேடுகிற கதை நூறு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இன்னொன்று தம்பி, விதையில் கொழுப்பும் உண்டு. ஒரு டேபிள்ஸ்பூன் எள்ளில் சுமார் 50 கலோரி. நல்ல கொழுப்புதான், ஆனால் நான்கு ஸ்பூன் போட்டால் 200 கலோரி. உட்கார்ந்தே வேலை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

எள்ளில் பாலைவிடக் கால்சியம் அதிகமாமே! எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது, மூட்டு வலி இருக்கிறது. பாலை நிறுத்திவிட்டு எள்ளுருண்டை சாப்பிடட்டுமா? அது சூடு என்றும் சொல்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

பாலை நிறுத்தாதீர்கள் அக்கா. 100 கிராம் எள்ளையும் 100 கிராம் பாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எள்ளில் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. தோலுள்ள எள்ளில் 1000 மில்லிகிராமை ஒட்டியும் அதற்கு மேலும் கால்சியம் இருக்கிறது. ஆனால் 100 கிராம் எள்ளை ஒரு நாளில் யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு டேபிள்ஸ்பூனில் 100 மில்லிகிராம்போலக் கிடைக்கும். அதிலும் தோலில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது இன்னும் குறைவு. ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் சுலபமாகச் சேர்ந்துவிடும். உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்கு 1200 தேவை. பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாவற்றோடும் எள்ளும் இருக்கட்டும்.

கடையில் பளீரென்று வெள்ளையாக, தோல் நீக்கி விற்கிறார்களே, அந்த எள்ளை இதற்காக வாங்காதீர்கள். கால்சியத்தில் பெரும்பகுதி தோலோடு போய்விடுகிறது. கறுப்பு எள், அல்லது தோலோடு இருக்கும் பழுப்பு எள் வாங்குங்கள்.

எள்ளுருண்டை வாரத்துக்கு இரண்டு மூன்று போதும், வெல்லமும் சேர்ந்ததாயிற்றே. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது சும்மா சொன்னதில்லை. சூடு என்பதற்கு ஒரு ஸ்பூன் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டு வலிக்குக் கால்சியக் குறைவுதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடாமல் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு மாத்திரையும் உண்டு. இரவில் ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் அந்தத் தண்ணீரோடு விழுங்கி, கையோடு தைராய்டு மாத்திரையையும் போட்டுக்கொள்வேன். சர்க்கரை குறையவில்லை என்று மகள் வெந்தயத்தை 3 ஸ்பூனாகக் கூட்டச் சொல்கிறாள்.
– வாசகி, 62 வயது, சேலம்

அம்மா, முதலில் மாத்திரை விஷயம். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் மட்டும்தான் விழுங்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பான நார்ச்சத்து மாத்திரையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு அதை முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. எழுந்ததும் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து மற்றதெல்லாம் என்று நாளையிலிருந்தே மாற்றிவிடுங்கள். ஆளி, சியா, சப்ஜா எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மருத்துவமனையில் நான் அடிக்கடி பார்த்த சிக்கல் இது. தைராய்டு அளவு சரியாகவே மாட்டேன் என்கிறதே என்று மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

வெந்தயம் சர்க்கரையை மட்டுப்படுத்துவது உண்மைதான். அந்த வழவழப்பு உணவில் இருந்து சர்க்கரை ரத்தத்துக்குள் போகும் வேகத்தைக் குறைக்கிறது. ஐதராபாத் நிறுவனத்திலேயே 1980, 90-களில் இதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கொடுத்த அளவு நாம் போடும் ஒரு ஸ்பூனைவிடப் பல மடங்கு. பக்கத்திலேயே இருந்து ரத்தச் சர்க்கரையை அளந்துகொண்டே கொடுத்தார்கள். மாத்திரையும் போட்டுக்கொண்டு வீட்டில் தன்னிச்சையாகக் கூட்டினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் காலை உணவோடு சாப்பிடுங்கள், இட்லி மாவில் போட்டாலும் சரி, வெந்தயக் குழம்பானாலும் சரி. கூட்ட வேண்டும் என்றால் உங்கள் மருத்துவர் சொல்லட்டும். மகள் அக்கறையில்தான் சொல்கிறாள், இதை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கருவுற்றிருக்கும் இரண்டு பேரும் வெந்தயம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாளிப்பிலும் மாவிலும் போடும் அளவு போதும். தனியாக ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட வேண்டாம்.

சப்ஜாவும் சியாவும் ஒன்றுதானா?
– கல்லூரி மாணவி, கோவை

இல்லை கண்ணு. சப்ஜா என்பது நம் திருநீற்றுப் பச்சிலையின் விதை. ரோஸ்மில்க்கிலும் நன்னாரி சர்பத்திலும் மிதக்குமே, அது. கன்னங்கரேலென்று இருக்கும், கால் மணி நேரத்தில் ஊதிவிடும். சியா மெக்சிகோ பக்கத்துச் செடி, விதை சாம்பலும் பழுப்புமாகப் புள்ளிபோட்டு இருக்கும், ஊறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இரண்டும் துளசிக் குடும்பம்தான், இரண்டிலும் நார்ச்சத்து நிறைய. பெரும்பாலும் சப்ஜா விலை குறைவு என்பதால் விடுதியில் இருக்கும் உங்களுக்கு அதுவே போதும்.

எதுவானாலும் ஊறவைக்காமல் வாயில் போடாதீர்கள். 2014-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கைப்படி, அமெரிக்காவில் ஒருவர் ஒரு ஸ்பூன் உலர்ந்த சியாவை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டு, மருத்துவர்கள் குழாய் விட்டு அடைப்பை நீக்க வேண்டியதாயிற்று. ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரிலோ மோரிலோ ஊறவைத்துக் குடியுங்கள்.

மூன்று வயது மகனுக்கு என்ன விதை கொடுக்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பொடியாக மட்டும். முழு விதையும் கொட்டையும் அந்த வயதில் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும், 5 வயது வரை வேண்டாம். தோசை மேல் காரமில்லாத எள்ளுப் பொடி அரை டீஸ்பூன், நெய்யோடு. முதல் தடவை கொடுக்கும்போது துளியூண்டு கொடுத்து அன்றைக்கு முழுக்கக் கவனியுங்கள். எள் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை உண்டாக்கும். உதடு வீங்கினாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பரங்கிக்காய் விதையைக் குப்பையில் போட மனசு வரவில்லை. வீட்டிலேயே காயவைத்துச் சாப்பிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாக. இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. காயை அறுத்ததும் நடுவில் இருக்கும் நாரோடு விதையை வழித்து ஒரு பாத்திரம் தண்ணீரில் போட்டுக் கையால் பிசையுங்கள். விதை மேலே மிதக்கும், நார் கையோடு வந்துவிடும். துணியில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, சின்னத் தீயில் வறுத்தால் மொறுமொறுவென்று ஆகும். கடையில் பச்சையாக விற்பது தோல் உரித்த பருப்பு. நீங்களும் நகத்தால் நுனியைக் கிள்ளி உரிக்கலாம். உரிக்காமல் நன்றாக மென்று தின்றால் நார்ச்சத்து இன்னும் அதிகம். அந்தப் பருப்பில் 100 கிராமுக்கு 30 கிராம் புரதம் இருக்கிறது, மெக்னீசியமும் துத்தநாகமும் நிறைய. நான் தேங்காய்ச் சட்னிக்குப் பொட்டுக்கடலைக்குப் பதில் ஒரு பிடி போட்டு அரைப்பேன். பச்சை மிளகாயும் கொத்தமல்லித் தழையும் சேர்ந்தால் அந்த வாசனைக்கே இரண்டு தோசை கூடப் போகும்.

காய் கசந்தால் விதையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விதைப்புக்கென்று விற்கும் பாக்கெட் விதையைத் தப்பித் தவறியும் சாப்பிடாதீர்கள், அதில் பூச்சி மருந்து தடவியிருப்பார்கள்.

ஆளி விதைப் பொடி அரைத்து மூன்று மாதம் ஆகிறது. பெயின்ட் வாசனை அடிக்கிறது. சாப்பிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம், கொட்டிவிடுங்கள். உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. பெயின்ட்டில் காலங்காலமாகக் கலந்துவந்தது ஆளி விதை எண்ணெய்தான். புது கிரிக்கெட் மட்டையில் தடவுகிற எண்ணெயும் அதுவே. காற்றுப் பட்டதும் மாறிக் காய்ந்துவிடுகிற குணம் அந்த எண்ணெய்க்கு உண்டு. முழு விதையாக இருக்கும்வரை தோல் காப்பாற்றும், பொடித்துவிட்டால் காப்பில்லை. அதனால் விதையாகவே வாங்கி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பாட்டில் மேல் அரைத்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் யார் எடுத்தாலும் தெரியும்.